அப்பா ஏற மறுத்த கார்

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. குடவாசலுக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையை ஒட்டி எங்கள் ஊர். நான் மன்னார்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். தினமும் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்ப வேண்டும். எங்கள் பக்கத்தில் குளிர்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஐப்பசி பிறந்தால் அடைமழை, அது ஓய்ந்தால் மார்கழிப் பனி, அவ்வளவுதான். ஆனால் அந்த மாதங்களில் எங்கள் ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகும் கரை ரோடு, ரோடாகவே இருக்காது. நடவுக்கு உழுதுபோட்ட வயலுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

என்னிடம் ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது. மழைக்காலத்தில் அது என்னைச் சுமந்ததைவிட நான் அதைச் சுமந்ததுதான் அதிகம். சேறு சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் போய் அப்பிக்கொள்ளும். ஒரு குச்சியை வைத்துக்கொண்டு நோண்டி நோண்டி எடுத்து, பேண்ட்டெல்லாம் சேறாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றால், பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு இன்னும் பல வருஷம் ஓட்டியிருப்பேன். அப்பாவின் கால்தான் என்னைக் கார் வாங்க வைத்தது.

அப்பா வாழ்நாளில் முக்கால்வாசியைப் பெரிய பண்ணையில் கூலிக்கு உழைத்தே கழித்தவர். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுப் போராட்டம் நடந்த காலத்தில் முன்னால் நின்ற சில பேரில் அவரும் ஒருவர். கொடி பிடித்தார், கோர்ட்டுக்கு அலைந்தார், கொஞ்ச நாள் ஜெயிலிலும் இருந்தார். நில உச்சவரம்புச் சட்டம் வந்து, அதற்குப் பிறகும் வருஷக்கணக்காக இழுத்தடித்து, ஒருவழியாகப் பண்ணையின் உபரி நிலத்தில் அவர் பேருக்கும் ஒரு துண்டு பட்டாவானது. தலை நரைத்த பிறகு வந்த நிலம். அதனால் அதை அவர் ஒரு நாளும் பார்க்காமல் இருக்க மாட்டார். வேலை இருக்கோ இல்லையோ, காலையில் போய் வரப்பைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தால்தான் காபி தொண்டையில் இறங்கும்.

அப்படி நடக்கையில்தான் ஒரு கருவை முள் உள்ளங்காலில் ஏறிவிட்டது. சர்க்கரை இருந்த உடம்பு. முள் ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. வீங்கிச் சீழ் வைத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மன்னார்குடி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து கட்டு மாற்ற வேண்டும், காலைத் தொங்கவிடக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலே சேறும் தண்ணியும் படவே கூடாது, பட்டால் காலை எடுக்கும்படி ஆகிவிடும் என்று சொன்னார். ஐப்பசி மாதத்தில் எங்கள் ஊர்க்காரனிடம் சேறு படாமல் இரு என்று சொல்வதும், மீனிடம் கரையில் இரு என்று சொல்வதும் ஒன்றுதான். நான் வந்து அப்பாவிடம் பக்குவமாகச் சொன்னேன்.

"கால எடுத்துட்டா வயலுக்கு எப்புடிப் போறது? தவந்துகிட்டா?" என்றார். அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

அப்போதுதான் முடிவு பண்ணினேன், கார் ஒன்று வாங்கிவிடுவதென்று. புதுக் கார் எல்லாம் நமக்கு நடக்கிற காரியமா? பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்கணும், அதற்குள் மழையும் போய்விடும், காலும் போய்விடும். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். எங்கள் பக்கத்து ஊர்க்காரர், என்னோடு தினமும் வந்துபோகிறவர். தனக்குக் கார்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அவரைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனேன்.

அங்கே ஒரு புரோக்கர், தகரக் கொட்டகையில் சில கார்களை நிறுத்தி வைத்திருந்தார். ஒன்றிரண்டு சின்ன வண்டிகளைப் பார்த்தோம். பின் சீட்டில் காலை நீட்டுவது இருக்கட்டும், மடக்கி வைக்கவே இடமில்லை. கொட்டகையின் கோடியில், தார்ப்பாய் போட்டு மூடிய ஒன்று கிடந்தது. புரோக்கர் தார்ப்பாயை இழுத்தார். உள்ளே வெள்ளையாக, நீளமாக, ஒரு பழைய வெளிநாட்டுக் கார். முன்பக்கம் பார்த்துவிட்டுப் பின்பக்கம் பார்க்கக் கொஞ்சம் நடக்க வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் ராஜா மாதிரி இருந்திருக்க வேண்டும். பெட்ரோலைக் குடித்துத் தள்ளுகிறதென்று யாரோ எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்தியிருந்தார்கள். பிறகு கல்யாண ஊர்வலத்துக்கெல்லாம் வாடகைக்கு ஓடியிருக்கிறது. ஏதோ ஒரு தேர்தலிலும் ஓடியிருக்கும்போல. முன் பம்பரில் கொடிக்கம்பு செருகுகிற குழாய் அப்படியே இருந்தது, அதைச் சுற்றிக் கறுப்பும் சிவப்புமாகப் பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓடிய மைல் எவ்வளவு என்று கேட்டேன். மைல் மீட்டர் செத்துப்போய் எவ்வளவோ நாளாகியிருந்தது. அது உயிரோடு இருந்தவரையில் எத்தனை தடவை முழுசாகச் சுற்றி வந்ததோ, அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

"ஒரு டாக்டர் வெச்சிருந்த வண்டி சார். பூ மாரி வெச்சிருந்தாரு" என்றார் புரோக்கர். பழைய கார் விற்கிறவர்களிடம் ஒரு டாக்டர் எப்போதும் இருப்பார். நானும் சிரித்துக்கொண்டேன். "எஞ்சின் மாத்துனது, பெயிண்ட் மாத்துனது, எல்லாம் உண்மைதான் சார், மறைக்கல. ஆனா ஆரன் மட்டும் ஒரிஜினல். கேளுங்க" என்று உள்ளே கையை விட்டு ஒரு அழுத்து அழுத்தினார். ஒரே நேரத்தில் இரண்டு குரலில் கத்துகிற ஹாரன். கொட்டகை அதிர்ந்தது. வெளியே சைக்கிளில் போன ஒருவர் பதறிக் காலை ஊன்றிவிட்டார்.

கணக்கு வாத்தியார் பானெட்டைத் திறந்து பார்த்து, ம்ம் ம்ம் என்று நாலைந்து தடவை முனகிவிட்டு மூடினார். நான் எஞ்சினைப் பார்க்கவில்லை. பின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன். சீட்டு மெத்தை மாதிரி அமுங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீளவாக்கில் நீட்டினேன். முழுசாக நீட்ட முடிந்தது. அப்பா இப்படிக் காலை நீட்டிக்கொண்டு, மேலே ஒரு சொட்டுத் தண்ணி படாமல், ஆஸ்பத்திரிக்குப் போய்வருவார் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே முடித்துவிட்டேன்.

வண்டியை ஊருக்கு ஓட்டிக்கொண்டு வந்தது தனிக் கதை. வைப்பர் டிரைவர் பக்கம் மட்டும்தான் வேலை செய்தது. இடது பக்கக் கண்ணாடி பாதிக்கு மேல் ஏற மறுத்ததால் கணக்கு வாத்தியார் மன்னார்குடி வரைக்கும் குடையை ஜன்னலுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டே வந்தார். இத்தனையிலும் வண்டி மட்டும் பள்ளம் மேடு தெரியாமல் மிதந்துகொண்டு போனது. பெரிய வண்டி பெரிய வண்டிதான் என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டோம்.

தெருவே கூடிவிட்டது. எங்கள் தெருவுக்குள் கார் என்று ஒன்று வந்தால் அது ஓட்டுக் கேட்க வந்ததாக இருக்கும், இல்லாவிட்டால் போலீஸாக இருக்கும். இது இரண்டும் இல்லாமல் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. என் மனைவி எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். குழந்தைகள் ஏறி இறங்கின. அப்பா கட்டுப்போட்ட காலை எடுத்து வைத்து மெதுவாக வாசலுக்கு வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. ஒரு சுற்றுப் பார்த்தார், முன்பக்கம் போய் நின்றார். அந்த நேரம் பார்த்து ஒரு வாண்டு ஹாரனை அழுத்திவிட்டது.

அப்பாவின் முகம் அப்படியே மாறிப்போனது. ஒரு நிமிஷம் அந்தக் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்ல வண்டிதான் தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சத்தம் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கட்டு மாற்றும் நாள். நான் சட்டை மாட்டிக்கொண்டு வருவதற்குள், உரச்சாக்குக்கு உள்ளே வருமே ஒரு பிளாஸ்டிக் பை, அதைக் காலில் மாட்டிச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு, குடையோடு கிளம்பிவிட்டிருந்தார். பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போய்விட்டார் என்றாள் அம்மா. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. யாருக்காக இந்த வண்டி? சாயங்காலம் வந்து கேட்டேன். டீசல் நாற்றம் குமட்டுது என்றார். அடுத்த தடவை கேட்டபோது, பஸ்ஸில் வந்தால் நாலு பேரிடம் பேசிக்கொண்டு போகலாம் என்றார். அதற்கடுத்த தடவை, அவ்வளவு பெரிய வண்டியில் ஒற்றை ஆளாகப் பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றும் என்றார். நானும் கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். அம்மாவிடம் கேட்டால், "அவுரு போக்குல உடுப்பா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். இதற்கிடையில் கட்டு ஈரமாக இருக்கிறதே என்று டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு முறைத்தார். புண்ணின் ஓரம் கறுத்துக்கொண்டு வந்தது.

இன்னொன்றையும் அந்த நாட்களில் கவனித்தேன். கரை ரோட்டில் ஹாரன் அடித்தால் இளவட்டங்கள் சாவகாசமாக ஒதுங்குவார்கள். வயசானவர்கள் மட்டும் ரோட்டைவிட்டே இறங்கிவிடுவார்கள். வயல் பக்கச் சரிவில் இறங்கி, வண்டி போகும்வரை அங்கேயே நிற்பார்கள். வண்டி அகலம், கரை குறுகல், பயந்து இறங்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நான் சின்ன வயசிலேயே திருவையாற்றுப் பக்கம் ஹாஸ்டலில் சேர்ந்து படிக்கப் போனவன். லீவுக்கு வந்தால் இருந்துவிட்டுப் போவேன். ஊரில் பல விஷயம் எனக்குக் கேள்விப்பட்டதோடு சரி.

ஒரு நாள் காலை. விடாத மழை இல்லை, பூந்தூறல். கணக்கு வாத்தியார் முந்தின நாள் எங்கள் வீட்டில் தங்கியிருந்ததால் வீட்டிலிருந்தே அவரும் என்னோடு கிளம்பினார். அப்பா வழக்கம்போல எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டார். கரை ரோட்டில் பாதித் தூரம் வந்ததும், முன்னால் குடை பிடித்துக்கொண்டு ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துபோகிற அவர் தெரிந்தார். காலில் அந்தப் பிளாஸ்டிக் பை. இன்றைக்கு எப்படியாவது ஏற்றிவிடுவது என்ற எண்ணத்தில், அவரை நிறுத்துவதற்காக ஹாரனை அழுத்தினேன்.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. ஹாரன் கேட்ட அதே கணத்தில் குடையை மடக்கினார், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார், சரிவில் இறங்கி வயலுக்குள் போய் நின்றார். அன்றைக்கு நடவுக்காகத் தண்ணி கட்டியிருந்த வயல். முழங்காலுக்குச் சேறு. கட்டுப்போட்ட கால் பையோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. அங்கே தலையைக் குனிந்தபடி நின்றார்.

பிரேக்கை மிதித்துவிட்டுக் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினேன். "அப்பா! நான்தாம்ப்பா!" என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். தான் எங்கே நிற்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்த மாதிரி இருந்தது. கைகொடுத்து மேலே ஏற்றினேன். பைக்குள் சேற்றுத் தண்ணி நிரம்பிக் கனத்துக் கிடந்தது. கயிற்றை அவிழ்த்துக் கொட்டினேன். கட்டு முழுக்கக் கறுப்பாகிவிட்டது.

அப்பா காரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பெரிய பண்ணை வண்டிப்பா இது. அப்ப கறுப்புக் கலரு. அந்த ஆரன் கேட்டா கரையில ஒரு குஞ்சு குருமான் நிக்கக் கூடாது. எறங்கித் துண்டக் கக்கத்துல வெச்சுக்கிட்டு நிக்கணும். மழையில மாட்டிக்கிட்டா நாங்கதான் தள்ளணும். எத்தினி தடவ தள்ளியிருக்கேன். கதவத் தொட்டது கெடையாது."

அவ்வளவு நாளும் டீசல் நாற்றம், தலைசுற்றல் என்று எதற்காகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையன் ஆசை ஆசையாக வாங்கிவந்த வண்டி, அதைப்போய்க் கெடுப்பானேன் என்று, காலே போனாலும் பரவாயில்லை என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். அம்மாவையும் சொல்லவிடவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இந்தச் சனியனை இன்னைக்கே வித்துடுறேம்ப்பா" என்றேன்.

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. தன் காலையே முறைத்துக்கொண்டிருந்தார். அப்பா அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "அந்தாளுக்கு எதுக்க கோர்ட்டுல நின்னேன். போலீசு லத்தியத் தூக்குனப்ப நவுரல. பட்டா வாங்கிட்டேன். அந்தாளும் செத்து எம்புட்டோ நாளாச்சு. இன்னம் எறங்குது பாரு... ச்சீ!" என்று அந்தச் சேற்றுக் காலையே தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். வலித்திருக்கும். முகம் சுளிக்கவில்லை. "தொறப்பா கதவ" என்றார்.

திறந்தேன். ஏறினார். சீட்டின் நுனியில், பாதி உட்கார்ந்தும் பாதி உட்காராமலும், முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நான் ஓடிவந்து வண்டியை எடுத்தால், நகரவில்லை. அவசரத்தில் ஓரமாக நிறுத்தியதில் பின் சக்கரம் கரையின் இளகின மண்ணில் இறங்கிவிட்டது. கியரைப் போட்டு முறுக்க முறுக்க இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொண்டு போனது. தள்ளினால்தான் உண்டு. கணக்கு வாத்தியாரை ஸ்டியரிங்கில் உட்காரச் சொல்லிவிட்டு நான் பேண்ட்டை மடித்துவிட்டுப் பின்னால் போனேன்.

பார்த்தால், அப்பா பின் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். வண்டி மாட்டிக்கொண்டதும் தள்ளுவதற்கு இறங்குகிறார்!

"உக்காருங்கப்பா உள்ள!" என்று கத்திவிட்டேன். அவர் முன்னால் நான் அப்படிக் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவரும் திடுக்கிட்டுப்போய்க் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

நான் ஒருவன் தள்ளி அந்த மலை அசையுமா? பக்கத்து வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த எங்கள் தெருப் பெண்கள் நாற்றைப் போட்டுவிட்டுக் கரையேறி வந்தார்கள். அவர்களில் அப்பாவின் வயசுக்காரி ஒருத்தி, அந்தக் காலத்தில் அவரோடு பண்ணையில் வேலை பார்த்தவள், உள்ளே எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டாள். அந்தக் கார் யாருடையது என்று அவளுக்கும் தெரியும். தெருவில் பெரியவர்கள் எல்லோருக்குமே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"என்னண்ணே, மிராசு கணக்கா உள்ள ஒக்காந்துகிட்டு எங்கள வேல வாங்குற?" என்றாள்.

"ஏ, எம்மவன்தான் எறங்க உடமாட்டங்குறான்" என்று அப்பா கூச்சத்தோடு சொன்னார்.

"எறங்குனா கால ஒடிப்பேன். சாஞ்சு ஒக்காரு. நாம தள்ளாத வண்டியா?" என்றாள் அவள். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தது. எல்லோரும் சேர்ந்து தோள் கொடுத்தோம். கணக்கு வாத்தியார் வண்டியை முறுக்க, சக்கரம் வாரியடித்த சேறு முழுவதும் என் முகத்திலும் சட்டையிலும்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். பின் கண்ணாடி வழியாக அப்பாவின் நரைத்த பின்னந்தலை தெரிந்தது. நான் தள்ளுகிறேன், அவர் உள்ளே இருக்கிறார். அந்த நேரத்தில் எனக்கிருந்த சந்தோஷம், நான் வாத்தியார் வேலைக்கு ஆர்டர் வாங்கிய அன்றைக்குக்கூட இருந்ததில்லை. மூன்றாவது தம்மில் வண்டி மேலே ஏறிவிட்டது. பெண்கள் ஒரு குலவை போட்டுவிட்டு, எதுவும் நடக்காத மாதிரி நடவுக்குத் திரும்பிவிட்டார்கள்.

நான் ஸ்டியரிங்குக்குத் திரும்பி, வண்டியை நேரே மன்னார்குடிக்கு விட்டேன். பாதி வழியில் கண்ணாடியில் பார்த்தேன். அப்பா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், துண்டை விரித்து அதன்மேல் அந்தக் காலைத் தூக்கி வைத்து நீட்டியிருந்தார். ஜன்னல் வழியாக வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கே நடவு முடிந்துவிட்டது, எங்கே தண்ணி வடியவில்லை என்று அவ்வப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

டாக்டரம்மா கட்டைப் பார்த்ததும் என்னைப் பிடித்துத் திட்டிய திட்டு வார்டு முழுக்கக் கேட்டது. சேறு அப்பிய வாத்தியாரைப் பார்த்து நர்சுகள் வேறு சிரித்தார்கள். அன்றைக்கே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குமேல் ஏறுமா, ஏறாதா என்று சொல்ல முடியாது என்றார்கள். தீபாவளி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே போனது. என் மனைவி கொண்டுவந்த பலகாரத்தை அப்பா பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, வயலில் களை எடுத்தாகிவிட்டதா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். புண் மேலே ஏறவில்லை. கார்த்திகையில் வீட்டுக்கு விட்டார்கள். கட்டு மட்டும் தொடர வேண்டும் என்றார்கள்.

அதற்குப் பிறகு அப்பா காரில்தான் வந்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அந்த ஹாரன் இருக்கக் கூடாது. வண்டியை விற்கிறேன் என்று நான் மறுபடி சொன்னதற்கு, "வண்டி என்னா பண்ணிச்சு? பாவம், அதும் நம்மள மாரி ஓடித் தேஞ்சு போயிக் கெடக்கு" என்றார். மெக்கானிக்கிடம் சொல்லி அதைக் கழற்றிப் போட்டேன். மெயின் ரோட்டுக்கு ஏதாவது வேண்டுமே என்று, அமுக்கினால் பாம் பாம் என்கிற ரப்பர் ஹாரன் ஒன்றை வாங்கி ஜன்னலோரம் மாட்டினோம். அதை அமுக்கும் இலாகா கணக்கு வாத்தியாருடையது. அவ்வளவு பெரிய வண்டி ஐஸ் விற்கிறவன் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு மன்னார்குடிக் கடைத்தெருவில் போவதைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். கரை ரோட்டில் அதையும் அமுக்குவதில்லை. முன்னால் யாராவது போனால் அவர்கள் பார்த்து ஒதுங்கும்வரை பின்னாலேயே ஊர்ந்துகொண்டு போவோம். நாங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போவது அதிகமாயிற்று.

தை பிறந்தது. சம்பா அறுவடை. அப்பாவுக்குப் புண் ஆறி, ரப்பர் செருப்பு போட்டு நடக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். முதல் நாள் அறுப்புக்கு நான் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு, தனியாக நடந்தே போவேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து நானும் கணக்கு வாத்தியாரும் புறப்பட்டோம்.

கரை ரோட்டில் அப்பா முன்னால் போய்க்கொண்டிருந்தார். சுண்டுவிரல் இல்லாத காலை லேசாகச் சாய்த்து, தோளில் துண்டோடு, ரோட்டுக்கு நட்டநடுவில். எங்கள் டீசல் எஞ்சின் சத்தம் ஆற்றுக்கு அக்கரை வரை கேட்கும். அவருக்குக் கேட்காமல் இருக்க வழியே இல்லை. திரும்பிப் பார்க்கவில்லை. ஓரத்துக்கும் போகவில்லை. நடையில் ஒரு துளி வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கணக்கு வாத்தியார் பழக்கதோஷத்தில் ரப்பர் ஹாரன் பக்கம் கையைக் கொண்டுபோனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முதல் கியரில் போட்டு, அவருக்குப் பின்னால், அவர் நடக்கிற வேகத்தில், அந்த நீளமான வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். அப்படியே அவர் வயல் வரைக்கும் போனோம். வரப்பில் இறங்கிய பிறகுதான் திரும்பினார். சிரித்தார். போ, போ, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்று கையைக் காட்டினார்.

அந்தக் கார் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது, அப்பாவும் இப்போது இல்லை. இன்றைக்கும் எங்காவது ஒருவர் என் வண்டிச் சத்தம் கேட்டும் ஒதுங்காமல் நடுரோட்டில் நிதானமாக நடந்துபோனால் எனக்குக் கோபம் வருவதில்லை, இந்த நடுரோட்டுக்கு வந்துசேர அவருக்கு எத்தனை வருஷம் ஆயிற்றோ, போகட்டும் என்றுதான் தோன்றுகிறது.